மனச்சிதைவும் மூளைக்கான சக்தியும்: தம்பியோடு சேர்ந்து கற்றுக்கொண்டவை

"எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்கானே, ஏதாவது ஒரு வேலைக்குப் போகக் கூடாதா?" மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். எங்கள் வீட்டில் அது என் தம்பியைப் பற்றியது.

ஐடிஐ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இருபதுகளின் தொடக்கத்தில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பக்கத்து அறைக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், மெஸ் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றான். திருநெல்வேலிக்குக் கூட்டி வந்தோம். ஓலான்ஸபின் மாத்திரை ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் குரல்கள் ஓய்ந்தன, தூக்கம் வந்தது, சந்தேகம் குறைந்தது. நோய் தீர்ந்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்கள் மிஞ்சின. எதிலும் மனம் ஒட்டவில்லை; பல் தேய்க்க எழுந்திருப்பதுகூட அவனுக்குப் பெரிய காரியமாக இருந்தது. அதோடு அடங்காத பசி. ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் நின்று மீதிச் சோற்றைச் சாப்பிடுவான். பேன்ட் ஒவ்வொன்றாகச் சேராமல் போனது. முதலாவதைச் சோம்பேறித்தனம் என்றார்கள், இரண்டாவதை உடம்பு தேறுகிறது என்றார்கள். இரண்டும் தவறு. உடம்பும் மூளையும் சக்தியைக் கையாளும் விதத்தோடு இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு தம்பியை நாங்கள் நடத்தும் முறையே மாறியது. அதைத்தான் எழுத வந்தேன். அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பற்றிய பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். அதனால் டாக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் மனதில் நின்றுவிட்டது. "டீச்சர், இது மனசுக்கு மட்டும் வர்ற நோய் இல்ல. மூளை, உடம்பு ரெண்டோட எனர்ஜிலயும் மாற்றம் இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. நரம்புச் செல் ஒரு சமிக்ஞை அனுப்பினால் உள்ளே புகுந்த சோடியத்தை வெளியே தள்ள வேண்டும், அதற்கு ஏடிபி வேண்டும், செல் செலவழிக்கும் சக்தி நாணயம் அது. சேமித்து வைத்துக்கொள்ளும் வசதி மூளையில் மிகக் குறைவு. ஒவ்வொரு நொடியும் வரவும் செலவும் ஈடாக நடந்தாக வேண்டும்.

மனச்சிதைவில் இந்த வரவு செலவு கொஞ்சம் தடுமாறுகிறது என்பதற்கான தடயங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து வருகின்றன. 1974ல் ஸ்வீடனில் இங்வார், ஃப்ரான்சென் என்ற இருவர், நீண்ட நாள் நோயாளிகளின் மூளையில் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். திட்டமிடுதல், முடிவெடுத்தல் போன்றவற்றுக்கான முன்பகுதியில் வழக்கத்தைவிடக் குறைந்த ஓட்டமே இருந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 2014ல், அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனை ஆய்வாளர்கள் ஒரு சிறப்பு எம்ஆர்ஐ முறையில் உயிருள்ள மூளைக்குள்ளேயே கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் வேகத்தைப் பார்த்தார்கள். ஏடிபி தீரும் இடத்தில் சட்டென்று புதிய ஏடிபியை உண்டாக்கித் தருவது இந்த நொதி. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் கைகொடுப்பது போல என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். மனச்சிதைவு உள்ளவர்களிடம் அந்த வேகம் சராசரியாக 22 சதவீதம் குறைவாக இருந்தது. இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்த பல ஆய்வுகளில் லாக்டேட் கூடுதலாகவும், அமிலத்தன்மை சற்று அதிகமாகவும் தெரிந்தன. ஆக்சிஜனைக் கொண்டு முழுமையாக எரிக்காமல் குறுக்குவழியில் சக்தி எடுக்கும்போது மிஞ்சுவதுதான் லாக்டேட்.

இன்னொன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மூளையில் பார்வால்புமின் செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. மற்றச் செல்களுக்குத் தாளம் போட்டுக் கட்டுக்குள் வைத்திருப்பது அவற்றின் வேலை. நொடிக்கு நூறு தடவைக்கும் மேல் சமிக்ஞை அனுப்பக்கூடியவை, அதனாலேயே மைட்டோகாண்ட்ரியா நிறைந்தவை. மனச்சிதைவில் பாதிப்பு தெரிவதும் இந்தச் செல்களில்தான். சக்திக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் தடுமாறக்கூடியவையும் இவையே. தாளம் தப்பினால் தேவையான சத்தத்தையும் தேவையில்லாத சத்தத்தையும் பிரிப்பது கஷ்டம். தம்பி ஒரு நாள் சொன்னான்: "எக்கா, எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு யார் பேச்சும் புரியாது. அப்பறம் அசதியாயிரும், படுக்கணும் போல இருக்கும்."

இதை வைத்து மனச்சிதைவு என்பது மைட்டோகாண்ட்ரியா நோய் மட்டும்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. டோபமைன், குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருட்கள், பரம்பரை, வளர்ந்த சூழல், கஞ்சா எல்லாமே இதில் சேர்கின்றன. நான் சொன்ன எண்கள் எல்லாம் கூட்டத்தின் சராசரிகள். ஒரு தனி ஆளின் மூளைச் சக்தியை அளந்து "இவருக்கு இவ்வளவு குறைவு" என்று சொல்லும் பரிசோதனை எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது முக்கியம். "மூளைச் செல்லுக்குச் சக்தி தரும் கேப்சூல், மாத்திரையை நிறுத்திடலாம்" என்று விற்க வருபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கே ஒருவர் வந்தார். அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கிப் போடுங்கள்.

சரி, இதைத் தெரிந்துகொண்டதால் வீட்டில் என்ன மாறியது?

முதலில் அப்பா மாறினார். இதுதான் பெரிய மாற்றம். அப்பா மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். மகன் பகலில் படுத்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "எந்திரில, ஆம்பளப் பிள்ள இப்படியா கிடப்பான்" என்று தினமும் காலையில் சத்தம் போடுவார். படம் வரைந்து அவருக்கு விளக்கினேன். மாத்திரை குரல்களை அடக்குகிறது, ஆனால் ஒரு வேலையைத் தொடங்குவதற்கான உந்துதல் குறைவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான், அதற்கு இந்த மாத்திரைகள் அவ்வளவாக உதவுவதில்லை என்றேன். ஓலான்ஸபின் தரும் தூக்கக் கலக்கமும் காலையில் சேர்ந்துகொள்கிறது என்றேன். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தம்பியின் கட்டில் பக்கம் ஒரு டம்ளர் காப்பியை வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அந்த வசவு நின்றது. இந்த நோயில் வீட்டில் ஓயாத குறைசொல்லலும் கோபமும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் நிரூபிக்கப்பட்ட விஷயம். அதனால் அப்பா அமைதியானதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

அடுத்து, ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லப் பழகினோம். "குளிச்சிட்டு, கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு, அப்படியே கேஸுக்குப் பதிஞ்சிட்டு வா" என்றால் எதுவுமே நடக்காது. "குளிச்சிரு" என்று மட்டும் சொன்னால் குளிப்பான். பால் பிறகு. டிவி ஓடும்போது முக்கியமான விஷயம் பேசுவதில்லை. ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கிறோம். அம்மாவுக்கு இது கஷ்டமாக இருந்தது, அவன் யோசிப்பதற்குள் அவரே பதிலைச் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் சீக்கிரம் திரும்பிவிடுகிறோம். காலை பத்தரைக்கு மேல்தான் அவனுக்குத் தெளிவு வருகிறது என்று கவனித்தோம், யோசிக்க வேண்டிய வேலைகள் அந்த நேரத்துக்கு மாறின.

இனி மாத்திரையும் சர்க்கரையும். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

மனநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் உறவு இருப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவு அடிக்கடி தென்படுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879லேயே எழுதிவிட்டார். மனநோய்க்கான முதல் நவீன மருந்து குளோர்ப்ரோமசின் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்ததே 1952ல்தான். நம் காலத்தில், இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடாத புது நோயாளிகளைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், அவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாத தன்மை மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. ஆக, பாதிப் பழி நோயின் மீதும் இருக்கிறது.

இடையில் ஒரு கொடுமையான வரலாறும் உண்டு. 1930களில் வியன்னாவைச் சேர்ந்த மான்ஃபிரெட் சாக்கல் இன்சுலின் ஊசியை அதிக அளவில் போட்டு, ரத்தச் சர்க்கரையை இறக்கி, நோயாளியைக் கோமாவுக்குக் கொண்டுபோய், பிறகு சர்க்கரை கொடுத்து எழுப்புவதை மனச்சிதைவுக்கு வைத்தியம் என்று பரப்பினார். கணித மேதை ஜான் நாஷுக்கு 1961ல்கூட இதைச் செய்தார்கள். கோமா தனியாக எந்தப் பலனும் தருவதில்லை என்று 1950களில் தெரியவந்து, மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். ஏற்கெனவே சக்திக்குத் தடுமாறும் மூளையைச் சர்க்கரை இல்லாமல் பட்டினி போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து நோயாளிகளை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

ஓலான்ஸபினுக்கு வருகிறேன். அது நல்ல மருந்து. 2005ல் அமெரிக்காவில் 1,493 பேரை வைத்துப் பல மருந்துகளை ஒப்பிட்ட கேட்டி என்ற பெரிய ஆய்வில், பாதியிலேயே நிறுத்திவிட்டவர்கள் குறைவாக இருந்தது இந்த மருந்தில்தான். அதே ஆய்வில் எடை கூடியதும் இதில்தான் அதிகம், மாதத்துக்குச் சராசரியாக 0.9 கிலோ. இந்த மருந்து மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் என்ற வேதிப்பொருட்களின் சில வாங்கிகளை, அதாவது அவை வந்து ஒட்டும் இடங்களை, அடைக்கிறது. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் "வாயைக் கட்டு" என்று அவனிடம் சொல்வதில் நியாயமே இல்லை. இன்னொரு பக்கம், எடை கூடுவதற்கு முன்பே இன்சுலினின் வேலையை இது கெடுக்கிறது. ஆரோக்கியமான ஆட்களுக்கு 9 நாள் மட்டும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், எடை கூடாதபோதே இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை தெரிந்தது.

இவ்வளவு தெரிந்த விஷயம். ஆனால் நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் தம்பியின் எடையைக்கூடப் பார்க்கவில்லை. "குரல் கேக்குதா? தூங்குறானா? சரி, அதே மாத்திரை" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 61 கிலோ இருந்தவன் 80ஐத் தாண்டிய பிறகு, வேறு டாக்டரிடம் போனபோதுதான் ரத்தப் பரிசோதனை எழுதினார். கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி நீரிழிவின் வாசலில் இருந்தது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எக்கச்சக்கம். அப்போது அவனுக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 15 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குப் பெரிய காரணம் இதய நோய். குரல் கேட்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பினால் இது மாறாது. மாத்திரை தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதி வைக்க வேண்டும். எடையை 4, 8, 12 வாரங்களில் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை மூன்றாவது மாதத்தில் ஒரு முறை, பிறகு குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை. இதன் அடிப்படையை 2004லேயே அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்துவிட்டன. நம் ஆட்களுக்கு இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எல்லையாக வைக்கிறார்கள். நம்மில் பலர் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. தையல் டேப் போதும். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்டபின், தளர்வாக வைத்துப் பாருங்கள்.

மெட்ஃபார்மின் மாத்திரையை ஆரம்பித்தது இந்தப் புதிய டாக்டர்தான். சர்க்கரை நோய்க்குத் தரும் அதே மாத்திரை, விலையும் குறைவு. "இவனுக்கு சுகர் வரலையே டாக்டர், எதுக்கு இப்பவே?" என்று அம்மா கேட்டார். "வரக் கூடாதுன்னுதாம்மா" என்றார். சீனாவில் 128 புது நோயாளிகளை வைத்து நடந்து 2008ல் வெளிவந்த ஆய்வு இதில் முக்கியமானது. மனநோய் மருந்தால் எடை கூடியவர்களுக்கு மெட்ஃபார்மினும் உணவு, நடைப் பழக்கமும் சேர்த்துக் கொடுத்தபோது 12 வாரத்தில் சராசரியாக 4.7 கிலோ இறங்கியது. இரண்டுமே இல்லாதவர்களுக்கு மேலும் 3.1 கிலோ ஏறியது. இப்போது ஓலான்ஸபின், குளோசபின் (இதுவும் மனச்சிதைவுக்கான மருந்துதான்) தொடங்கும்போதே மெட்ஃபார்மினையும் யோசிக்கலாம் என்ற கருத்து வலுவாகி வருகிறது. உங்கள் டாக்டர் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். தம்பிக்கு முதல் சில வாரம் வயிற்றுப்போக்கு இருந்தது. அளவைக் குறைத்து, சாப்பிட்ட பின் போட்டு, மெதுவாகக் கூட்டினார்கள், சரியானது. வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம், அதையும் இடையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் நாங்கள் செய்தது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பாட்டில் குளிர்பானத்தை வீட்டுக்கு வாங்குவதை நிறுத்தினோம், அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். இந்த மாத்திரைகளால் வாய் உலர்ந்து தாகம் எடுக்கும், அந்தத் தாகத்துக்கு இனிப்பான பானம் குடித்தே பலருக்கு எடை ஏறுகிறது. மோரும் தண்ணீரும் எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கும். சோற்றின் அளவைக் குறைத்து, பொரியலையும் பருப்பையும் முட்டையையும் முதலில் வைத்தோம். ராத்திரிப் பசிக்கு அவித்த சுண்டல் எடுத்து வைக்கிறோம். பசி வரும் என்று தெரிந்த பிறகு, அந்த நேரத்துக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் முடிவு செய்ய முடியும். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேழ்வரகுக் களியிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது, அதற்கும் அளவு உண்டு.

நடக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. "வாக்கிங் போ" என்றால் போக மாட்டான். அப்பாவே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் போகும்போது "துணைக்கு வா" என்று கூப்பிடுவார். அதற்கு வந்தான். தசை வேலை செய்தால் இன்சுலின் குறைவாக இருந்தாலும் ரத்தத்துச் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். அதைவிட, நடந்துவிட்டு வந்த நாட்களில் அவன் கூடுதலாகப் பேசினான் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகத் தெரிந்தது. நீரிழிவும் அது சார்ந்த கோளாறுகளும் சேர்ந்துகொண்டால் மனச்சிதைவு உள்ளவர்களின் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் இன்னும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உடம்பின் சர்க்கரையைக் கவனிப்பதும் மூளையைக் கவனிப்பதும் வேறு வேறு வேலைகள் இல்லை.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பி கோயம்புத்தூரிலேயே சிகரெட் பழகியவன். ஒரு சமயம் டெங்குக் காய்ச்சலுக்கு வார்டில் சேர்த்தபோது சிகரெட் இல்லாமல் இருந்தான். காய்ச்சல் இறங்கியும் வீட்டுக்கு வந்தும் எழுப்பவே முடியாத தூக்கம், எச்சில் வடிந்தது, நடை தள்ளாடியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சிகரெட்டை விட்டுட்டானா?" புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டுகின்றன, ஓலான்ஸபினையும் குளோசபினையும் அந்த நொதிதான் சிதைக்கிறது. புகைப்பவருக்கு மருந்து சீக்கிரம் தீர்கிறது. நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் நொதி குறைந்து, அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். காரணம் நிக்கோட்டின் இல்லை, புகை. அதனால் நிக்கோட்டின் சுயிங்கம் இந்த மாற்றத்தைச் செய்யாது. புகையை விடுவது மிக நல்லது, அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மறுபடி புகைக்க ஆரம்பித்தாலும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மருந்து போதாமல் நோய் தலைதூக்கும். தம்பி பிறகு சிகரெட்டைத் தொடவில்லை, அவனுடைய மாத்திரை அளவும் இறங்கியது.

குளோசபின் போடுபவர்கள் வீட்டில் இதோடு ரத்த வெள்ளணுப் பரிசோதனையையும் மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவு பக்கவிளைவு சொல்கிறாயே, அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று யாருக்காவது தோன்றினால், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். எடையைக் கண்டு பயந்து தம்பி தானாகவே மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தான். ஒரு சித்தப்பாவும் "வெறும் விஷம்டா அது" என்று ஏற்றிவிட்டார். முதலில் நன்றாகவே இருந்தான். உற்சாகமாக, தூக்கம் குறைந்து. பிறகு குரல்கள் திரும்பின, இந்த முறை அப்பாவை அடிக்கச் சொல்லி. அவனை மீட்டுக் கொண்டுவர முதல் தடவையைவிட அதிக காலம் பிடித்தது. 2012ல் லான்செட் இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், மருந்து இல்லாதவர்களில் 64 சதவீதம். இன்னொன்றும் உண்டு. ஃபின்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், மருந்தே எடுக்காதவர்களைவிட எடுத்தவர்கள் இறப்பது குறைவாகவே இருந்தது. எடையை ஏற்றும் குளோசபின் எடுத்தவர்களிடம்கூட. மாத்திரையை வைத்துக்கொண்டே உடம்பைக் காப்பதுதான் வழி.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவைப் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். மூளை குளுக்கோஸைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றால், கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களைக் கொடுத்துப் பார்க்கலாமே என்பது அறிவுள்ள யோசனைதான். 2024ல் ஸ்டான்ஃபோர்டில் ஷெபானி சேத்தி குழுவினர் நான்கு மாதம் செய்து பார்த்தார்கள். முடித்தவர்கள் 21 பேர், அதில் மனச்சிதைவு உள்ளவர்கள் 5 பேர்தான், மற்றவர்கள் மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள். எடை சராசரியாக 10 சதவீதம் குறைந்தது, மனநிலையிலும் முன்னேற்றம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. எல்லோரும் தங்கள் மாத்திரைகளைத் தொடர்ந்துகொண்டே, மருத்துவர் கண்காணிப்பில்தான் இருந்தார்கள். கீட்டோவைப் புகழும் வீடியோக்களில் இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். நான் இதை நம்பிக்கையோடு கவனித்து வருகிறேன், தம்பிக்கு வீட்டில் நானாகச் செய்து பார்க்க மாட்டேன். அதேபோல, டோபமைனை நேரடியாக அடைக்காமல் மஸ்கரினிக் என்ற வேறு வகை வாங்கிகள் வழியாக வேலை செய்யும் சனோமெலின்-ட்ரோஸ்பியம் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஓலான்ஸபின் போல எடையை ஏற்றுவதில்லை. நம் ஊர் நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் அது வந்து சேர வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் வழியாக மாத்திரை இலவசம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் என்று நினைத்து இந்தப் பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொல்லிவிடாதீர்கள், கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டைக் கொண்டுபோகிறோம். எடை, இடுப்பு, தூக்கம், சிகரெட், பரிசோதனை முடிவுகள் எல்லாம் தேதி போட்டு அதில் இருக்கும். ஓபியில் கிடைக்கும் அஞ்சு நிமிஷத்தில் வாயால் சொல்லி முடியாது, நோட்டைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிடும். முதலில் நான் எழுதினேன், இப்போது தம்பி எழுதுகிறான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தன் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு இருக்கிறது, அதனால் டாக்டரும் என்னைப் பார்த்துப் பேசாமல் அவனைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

எடை இப்போது 70ஐ ஒட்டி நிற்கிறது, ஹெச்பிஏ1சி இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பட்டறையில் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறான். அடுத்த முறை கேட்பதற்கு நோட்டில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறான். ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கே போட்டால் காலையில் தலை சீக்கிரம் தெளியுமா, பி12 இந்தத் தடவை பார்க்கணுமா, முழு நாள் வேலைக்கு முதலாளி கூப்பிடுகிறார், போகலாமா.